மினிமம் டியூ கட்டினால் கடன் தீராது: கார்டு கடனிலிருந்து எங்கள் வீடு வெளியே வந்த வழி

முப்பதாம் தேதி சம்பளம் வருகிறது, ஐந்தாம் தேதிக்குள் மூன்று கிரெடிட் கார்டுக்கும் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, போய்விடுகிறது, பத்தாம் தேதி மளிகைக்கு மறுபடியும் அதே கார்டைத் தேய்க்கிறீர்கள். உங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது என்றால் இது உங்களுக்காக எழுதியது. எங்கள் வீட்டில் இரண்டு வருடம் ஓடியது. நான், கணவர், மூன்று வயது மகள், பெங்களூர் பனஸ்வாடியில் 22,000 ரூபாய் வாடகை வீடு, மூன்று கார்டிலும் சேர்த்து 4,60,000 ரூபாய் பாக்கி. பெரிய ஆடம்பரம் எதுவும் செய்யவில்லை. வீட்டு ஓனர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார், கையில் இருந்தது போக மீதியைக் கார்டில் எடுத்தோம். மகளுக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம், இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதியும் கார்டில். ப்ரீ கேஜி சேர்க்கை, தீபாவளிக்குத் தருமபுரி போய் வந்தது, மச்சினர் கல்யாணத்துக்குச் செய்முறை, எல்லாம் அதிலேயே ஏறியது. இளம் குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான் ஏறுகிறது, அதனால் யார் மேல் தப்பு என்று தேடுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

முதல் வேலை, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் ஒரே தாளைப் பார்ப்பது. இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். எங்களுக்கும் அவர் கார்டு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, என் கார்டு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகள் தூங்கியதும் மூன்று ஸ்டேட்மென்டையும் தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்துவந்து தரையில் பரப்பி உட்கார்ந்தோம். மகளுடைய நான்கு கோடு நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கார்டு வாரியாக மொத்த பாக்கி, மாத வட்டி எத்தனை சதவீதம், கடைசித் தேதி, உள்ளே ஓடும் இ.எம்.ஐ. ஏதாவது உண்டா, போன மாதம் வட்டியாக மட்டும் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று எழுதினோம். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஸ்டேட்மென்டில் ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’ என்று வரும், அதற்குக் கீழேயே ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரி. மூன்று கார்டையும் கூட்டியபோது வட்டியும் வரியும் மட்டும் 19,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. “ஏங்க, வீட்டு வாடகையவே எட்டப் போகுதுங்க இது” என்றேன். “இவ்வளவு இருக்கும்னு எனக்கே தெரியலம்மா” என்றார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை, பேசவும் வேண்டாம். முதல் நாள் எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சண்டை வந்தால் அடுத்த ஞாயிறு யாரும் உட்கார மாட்டார்கள்.

இப்போது அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புரியாதவரை மினிமம் டியூ கட்டுவதே பெரிய பொறுப்பு மாதிரித் தெரியும். நம் நாட்டில் கார்டு பாக்கிக்குப் பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி, அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மாதம் 3.5 என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். 4,60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 16,100, ஜி.எஸ்.டி. 2,898, ஆக 18,998. மினிமம் டியூ வழக்கமாகப் பாக்கியில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், எங்களுக்கு 23,000. அதாவது 23,000 கட்டினால் அசலில் குறைவது 4,000 மட்டும். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் கடன் பாதியாவதற்கே ஆறரை வருடம் ஆகும். இந்த வட்டிக்கு மேல்வரம்பும் கிடையாது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் யாராவது வந்து வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. போன மாதப் பாக்கியை முழுசாகக் கட்டாவிட்டால், புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் எதுவும் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள் சும்மா கிடைக்கிறதே என்று நினைத்து மளிகை வாங்கினால் அரிசிக்கும் பருப்புக்கும் 42 சதவீத வட்டி கட்டுகிறீர்கள். ஏ.டி.எம்.மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் பாக்கி இல்லாவிட்டாலும் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனியாகக் கட்டணம் வேறு.

அதனால் தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். கார்டைக் கத்தரித்தால் மட்டும் போதாது, எண் எல்லாச் செயலியிலும் சேமித்துக் கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து நீக்குங்கள்: சாப்பாடு கொண்டுவரும் செயலி, மளிகைச் செயலி, ஆட்டோ பிடிக்கும் செயலி, சினிமா பார்க்கிற சந்தா, கரண்ட் பில்லுக்குப் போட்ட ஆட்டோ பே. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், கடைக்காரர் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்யும்போது எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் செலவுக்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கு வைத்தோம், சம்பள நாளன்று அதில் ஒரு தொகை போடுவோம், யு.பி.ஐ. அந்தக் கணக்கில் மட்டும். அதில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். முதல் மாதம் 21ஆம் தேதியே தீர்ந்துவிட்டது, ஒன்பது நாள் வீட்டில் இருந்த ராகியையும் கொள்ளையும் வைத்து ஓட்டினோம். இரண்டாவது மாதம் 27 வரை வந்தது.

சரி, இனி பழைய கடன். 42 சதவீதக் கடனைச் சிக்கனத்தால் மட்டும் அடைக்க முடியாது, முதலில் அதைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்ற வேண்டும். அதற்கு வீட்டில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் யோசிக்காமல் உடையுங்கள். ஏழு சதவீதம் சம்பாதிக்கும் பணத்தைப் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டு 42 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. எல்.ஐ.சி. பாலிசி பழையதாக இருந்தால் அதன் மேல் கடன் கிடைக்கும். பி.எஃப்.பில் கை வைப்பதை நான் கடைசியாகத்தான் சொல்வேன்.

நகை இருந்தால் நகைக்கடன்தான் நம் குடும்பங்களுக்கு இருப்பதிலேயே நல்ல வழி. ஆனால் நகை மனைவியுடையது என்றால் முடிவும் அவளுடையது. மாமியார் வீட்டிலோ கணவரோ கட்டாயப்படுத்தி வாங்கி வைப்பது வேறு, அவளே கணக்கைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது வேறு. நான் ஒரு வாரம் யோசித்துத்தான் கொடுத்தேன், அம்மா போட்ட ஆரமும் இரண்டு வளையலும். வங்கியில் மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அதன் மேல் ஒரு சொட்டு திரவம் விட்டுப் பார்த்தார், பிறகு தராசில் வைத்து எடையை மில்லிகிராம் வரை எழுதினார். ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டிவிட்டு உறையில் போட்டு ஒட்டி, என் கையெழுத்தையும் அதன் மேல் வாங்கினார். அங்கே தரும் அடகுச் சீட்டில் ஒவ்வொரு நகையும் எடையோடு இருக்கிறதா என்று நின்று சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2,00,000 கிடைத்தது, வருடத்துக்கு 10 சதவீத வட்டி, மாதம் 1,700க்குள். அதே இரண்டு லட்சத்துக்குக் கார்டில் வட்டியும் வரியுமாக 8,260 போய்க்கொண்டிருந்தது. நகைக்கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, இதையும் கணக்கில் சேருங்கள். கவனிக்க வேண்டியது இரண்டுதான்: அவ்வப்போது அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுவார்களா என்று முன்பே கேளுங்கள், கெடு தேதியை இரண்டு பேர் போனிலும் போட்டுவையுங்கள். கெடு தாண்டினால் ஏலம்.

நகை இல்லாதவர்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் தனிநபர் கடன் கேட்கலாம், 11லிருந்து 16 சதவீதத்துக்குள் கிடைத்தாலும் லாபம்தான். அதுவும் கிடைக்காவிட்டால் கார்டு கொடுத்த வங்கிக்கே போன் செய்து மொத்தப் பாக்கியையும் இ.எம்.ஐ.யாக மாற்றிக் கேளுங்கள். செயலியில் தெரியாது, பேசிக் கேட்டால்தான் பல சமயம் கொடுப்பார்கள். பிராசசிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கார்டு இ.எம்.ஐ. வட்டிக்கு ஜி.எஸ்.டி. உண்டு, வங்கியின் தனிநபர் கடன் வட்டிக்குக் கிடையாது, ஒப்பிடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

பெங்களூரில் குடித்தனம் இருப்பவர்களுக்கு இன்னொரு பணம் இருக்கிறது, அதைப் பணம் என்றே நாம் நினைப்பதில்லை. ஓனரிடம் கிடக்கிற அட்வான்ஸ். எங்களுடையது 2,20,000, வட்டியில்லாமல் அவரிடம் தூங்கிக்கொண்டிருந்தது, நாங்களோ அந்த அட்வான்ஸ் கொடுக்க வாங்கிய கடனுக்கு 42 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். சின்ன வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்து, ஒப்பந்தத்தில் இருந்தபடி இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தோம். ராமமூர்த்தி நகரில் உள்ளே தள்ளி, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, 15,000 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் 75,000. பழைய ஓனர் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டார், இங்கே அதுதான் வழக்கம். அதுவும், சாமான் ஏற்றிய வண்டிக்கூலி 8,000மும், புது அட்வான்ஸும் போகக் கையில் நின்றது 1,15,000. அதோடு மாதம் 7,000 வாடகை மிச்சம். வீடு மாறுவது வலிக்கும். என் மகள் பழைய வீட்டு பால்கனியைக் கேட்டு ஒரு மாதம் அழுதாள். ஆனாலும் ஓ.டி.டி. சந்தாவை நிறுத்துவது, டீயைக் குறைப்பது என்று நூறு சின்னச் சிக்கனம் செய்வதைவிட இப்படி ஒரு பெரிய வெட்டு போடுவதுதான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து. சின்னச் சிக்கனத்தில் தினமும் முகம் சுளிக்க வேண்டியிருக்கிறது, மூன்றாவது மாதம் யாரோ ஒருவர் கைவிட்டுவிடுகிறார்.

இனி எந்தக் கார்டை முதலில் அடைப்பது? வட்டி விகிதத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் அதிக வட்டி முதலில். பெரும்பாலும் எல்லாமே 3.5ஐச் சுற்றித்தான் இருக்கும், அப்போது சின்னப் பாக்கியை முதலில் முடியுங்கள், ஒரு கடைசித் தேதி குறைந்தாலே தலை லேசாகிறது. எங்களுக்கு என் கார்டு 85,000, அவருடையவை 1,65,000மும் 2,10,000மும். நகைக்கடன் பணத்தையும் அட்வான்ஸையும் சேர்த்து 3,15,000. என் கார்டையும் 2,10,000 பாக்கியையும் முழுசாக முடித்தோம், மிச்சம் 20,000த்தை மூன்றாவது கார்டில் கட்டினோம். 1,65,000த்தில் மீதி 1,45,000 நின்றது, அதைப் பன்னிரண்டு மாத இ.எம்.ஐ.யாக மாற்றினோம், மாதம் 13,000த்தை ஒட்டி வந்தது. முன்பு மினிமத்துக்குப் போன 23,000த்தில் மீதி 10,000மும் வாடகையில் மிச்சமான 7,000மும், ஆக 17,000, மாதாமாதம் நகைக்கடனுக்கு. பதினான்காவது மாதம் ஆரமும் வளையலும் வீட்டுக்கு வந்தன.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் மறுபடி விழுகின்றன, எனக்குத் தெரிந்தே இரண்டு வீடுகள். கார்டு பாக்கி சைபர் ஆனதும் முழு லிமிட்டும் திறந்து கிடக்கும். நகைக்கடன் ஒரு பக்கம் ஓட, கார்டிலும் ஏற ஆரம்பித்தால் ஒரு கடன் இரண்டு கடனாகிவிடும். அதனால் அடைத்த அன்றே கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லாமல் நீங்கள் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. இந்த வரியைச் சொன்னதும் வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் ‘இலவச வருடக் கட்டணம்’ பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு கார்டு வேண்டும் என்றால் லிமிட்டை 20,000ஆகக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், திட்டம் போடுகிற மாதங்களிலும் மினிமம் டியூவைத் தவறவிடாதீர்கள். கடைசித் தேதியிலிருந்து மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம், ஆனால் அந்த மூன்று நாளை நம்பி இருக்க வேண்டாம். குறைந்த வட்டிக்குக் கடன் கேட்கப் போகும் நேரத்தில் ஒரு தவறல் வந்து நின்றால் கதவு மூடிவிடும். கடன் அடைக்கிற வேகத்தில் கையைச் சுத்தமாகத் துடைத்துவிடவும் வேண்டாம். 20,000 ரூபாயாவது தனியாக இருக்கட்டும், குழந்தை இருக்கிற வீடு. எங்களுக்கு ஆறாவது மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்து 6,000 செலவானது, அந்தப் பணம் இல்லாவிட்டால் மறுபடி கார்டுக்குத்தான் ஓடியிருப்போம்.

ஊர்ச் செலவைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். நாங்கள் அந்த ஒரு வருடம் செய்முறையை எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாக வைத்துக்கொண்டோம், மாமியாரிடம் காரணத்தையும் சொன்னோம். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “கழுத்து வரைக்கும் வந்தப்புறமா சொல்லுவீங்க?” என்றார், அடுத்த வாரமே ஒரு மூட்டை அரிசி வந்தது. பண்டிகைக்கு டிக்கெட் 60 நாள் முன்பே ரயிலில் திறக்கிறது, தேதியைக் குறித்துவைத்து அன்று காலையே போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசில் பாதிப் பள்ளி வேன் கட்டணம் வந்துவிடும்.

செய்யவே கூடாதவற்றில் முதலிடம், கார்டைத் தேய்த்து ரொக்கம் தருகிற கடை. பொருள் எதுவும் வாங்காமல் 50,000க்குப் பில் போடுவார்கள், கமிஷன் இரண்டு மூன்று சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள், அதை வைத்து இன்னொரு கார்டின் பில்லைக் கட்டலாம். மாதம் மூன்று சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அடுத்த மாதமும் அதே கடைக்குப் போக வேண்டியிருக்கும், கடன் ஒரு ரூபாயும் குறைந்திருக்காது. வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும், அன்றைக்குச் சுற்று நின்று மொத்தமும் தலையில் விழும். ஐந்து நிமிடக் கடன் செயலி பக்கமும் போகாதீர்கள். ஏற்கெனவே கட்டிவரும் பதிவு பெற்ற சீட்டு இருந்தால் எடுத்து அடைக்கலாம், இதற்காகப் புதுச் சீட்டு சேர வேண்டாம்.

ஏற்கெனவே சில மாதம் கட்டாமல் விட்டு, வசூல் ஆட்கள் போன் செய்கிறார்களா? காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. இதை ரிசர்வ் வங்கி 2022லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மீறினால் தேதி, நேரம், எண் குறித்துவைத்து வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம், உதவி எண் 14448. கையில் காசில்லாமல் கார்டு பாக்கி கட்ட முடியாமல் போனதற்காக ஜெயிலில் போட மாட்டார்கள், அது சிவில் வழக்கு. ஆனால் பயந்துபோய் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், காசோலை திரும்பினால் அது குற்ற வழக்கு.

குறைத்துக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று செட்டில்மென்ட் பேசுவார்கள். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் அது சரி. கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், வீட்டுக்கடன் கேட்கும்போது பல வருடம் அது முன்னால் வந்து நிற்கும். அப்படியே போனாலும், தொகையும் தேதியும் எழுதிய கடிதம் வங்கியிலிருந்து வந்த பிறகுதான் பணம் கட்டுங்கள், கட்டுவதும் வங்கிக் கணக்குக்கு மட்டும், வந்தவர் கையில் அல்ல.

கடைசிக் கார்டை முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் மாதிரி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் நேராக ‘குளோஸ்டு’ என்றும் பாக்கி சைபர் என்றும் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு கார்டில் 312 ரூபாய் நின்றது, மூடிய பிறகு போட்ட ஏதோ ஒரு வட்டி. சான்றை இணைத்து எழுதியதும் நீக்கினார்கள். அந்தச் சான்றுகள் இப்போது மகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் அதே ஃபைலில் இருக்கின்றன.